ஏகாம்பரத்தின் சன்னலும் முன்சீப்பின் அகராதியும்

எங்கள் கோர்ட்டில் இப்போது பெஞ்ச் கிளார்க்காக இருக்கும் இளைஞர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். நீதிமன்றப் பணியாளர்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம், ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். "எத வேணா எழுதுங்க சார், யார் மானமும் போகாத மாதிரி எழுதுங்க" என்றார். அப்படியென்றால் முன்சீப் கோர்ட்டைப் பற்றி எதையுமே எழுத முடியாதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பொழுது போக்கத் தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ஏதாவது ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் அது எந்த மொழியிலிருந்து வந்தது, அதன் பாட்டன் யார், முப்பாட்டன் யார் என்று வந்துவிடுகிறது. சோதித்துப் பார்க்கலாமென்று "விண்டோ" என்றேன். நான் வெற்றிலையை மடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பழைய நார்ஸ் மொழி. காற்று ஒரு சொல், கண் ஒரு சொல். சேர்ந்தால் காற்றின் கண்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த இளைஞர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இதே சமாசாரத்தைக் கண்டுபிடிக்க எங்கள் முன்சீப் ஒருவர் ஒரு காலைப்பொழுது முழுவதையும் செலவழித்தார். அதனால் ஒரு நெசவாளியின் தறிக்கு வெளிச்சமே இல்லாமல் போகும் நிலை வந்தது. சரி, இதையே எழுதிவிடுகிறேன். மானம் போகிறவர்கள் பெரும்பாலும் காலமாகிவிட்டார்கள்.

நான் கூரத்துக்காரன். செப்பேடு கிடைத்த ஊர் என்று படித்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் செப்பேட்டில் ஒரு எழுத்தைக்கூட வாசிக்கத் தெரியாத குடும்பம் எங்களுடையது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நெல், கேழ்வரகு, வரப்புத் தகராறு. வரப்புக்காகக் கோர்ட்டுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த என் அப்பாவுக்கு, நம்ம ஆள் ஒருவன் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் தேவலை என்று தோன்றியிருக்கிறது. டைப் படித்தேன், பரீட்சை எழுதினேன், நகல் எடுக்கும் பிரிவில் சில வருஷம் விரல் தேய்ந்தேன். அறுபதுகளின் பிற்பாதியில் காஞ்சிபுரத்தில் பெஞ்ச் கிளார்க் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

பெஞ்ச் கிளார்க் என்றால் முன்சீப்பின் மேடைக்குக் கீழே ஒரு மேஜை, அதன் மேல் ஒரு மலை அளவு கட்டுகள். வழக்குகளை வரிசைப்படி எடுத்துக் கொடுப்பது, சாட்சிக்குப் பிரமாணம் சொல்லிக் கொடுப்பது, ஆவணங்களில் குறியீடு போடுவது என் வேலை. சாட்சி தமிழில் பேசுவார். முன்சீப் அதைத் தம் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார். பிறகு அந்த ஆங்கிலத்தை நான் மறுபடி தமிழில் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவர் சரியென்று கையெழுத்துப் போட வேண்டும். இப்படிப் போய்த் திரும்பும் தமிழ், மாமியார் வீட்டுக்குப் போய் வந்த பெண் மாதிரி ஆள் அடையாளம் தெரியாமல் வரும். "அவன் என்னை வாய்க்கு வந்தபடி பேசினான்" என்று சொன்ன கிழவரிடம், "பிரதிவாதி தகாத சொற்களைப் பிரயோகித்தார்" என்று படித்தால் அவர் அரண்டுபோவார். அதே ஏச்சுதான், கோர்ட்டுக்காகச் சட்டை போட்டிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவேன்.

இந்தக் காலத்தில்தான் அந்த முன்சீப் மாற்றலாகி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். ஒல்லியான மனிதர், கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அவரோடு வந்தவை ஒரு படுக்கைச் சுருள், ஒரு பெட்டி, இரண்டு தடித்த பாகங்களாக ஓர் ஆங்கில அகராதி. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் எது, வேருக்கு வேர் எது என்று சொல்லும் அகராதி அது. தினமும் காலையில் கோர்ட்டின் டவாலிச் சேவகர் காதர் பாய் அதை மஞ்சள் பையில் போட்டுச் சுமந்து வருவார். அந்த எடையைப் பார்த்து, புதிதாக ஏதோ சட்டம் வந்துவிட்டதென்று கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

முன்சீப் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஊதி, துடைக்காமலேயே திரும்பப் போட்டுக்கொண்டு, "மிக நன்று" என்பார். அந்த 'மிக நன்று' யார் மேல் விழுந்ததோ அவர் அன்று சாப்பிடவே மாட்டார். சந்தோஷம் வந்தாலும் அதே கழற்றல், அதே ஊதல்தான். ஆனால் அதற்குப் பிறகு, "இந்த வார்த்தை எங்கேருந்து வருது தெரியுமாய்யா?" என்பார். கோர்ட் நின்றுவிடும். வக்கீல் பாதி வாதத்தில் வாயைத் திறந்தபடி நிற்பார். அகராதி திறக்கும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் அவர் போட்ட முதல் உத்தரவு. கூட்டுச் சொல் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். ஒரு சொல்லுக்கு இரண்டு வேர் கிடைக்கிறதே, லாபம்தானே என்பார்.

ஆபீஸில் அவருக்கு 'வேர்க்கடலை' என்று பெயர் வைத்தோம். வைத்தது யார் என்று கேட்காதீர்கள், மலர்க்குழு மானம் போகக் கூடாது என்றிருக்கிறது. ஒரு நாள் காம்பவுண்டுக்கு வெளியே தள்ளுவண்டிக்காரர் "வேர்க்கடலை! சூடா வேர்க்கடலை!" என்று கூவினார். ஆபீஸ் முழுக்க ஒருசேரத் தலை குனிந்து குலுங்கியது. முன்சீப் காரணம் கேட்டார். எல்லோருக்கும் பசி என்று தலைமை எழுத்தர் சமாளித்தார். பாவம், அந்த மனிதர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து எங்கள் எல்லோருக்கும் கடலை வாங்கித் தந்தார். தலை நிமிராமலே தின்றோம்.

என்னிடம் அவருக்கு ஒட்டுதல் வந்ததும் ஒரு கூட்டுச் சொல்லால்தான். நைட்மேர் என்ற சொல்லில் மேர் என்பது பெண் குதிரை இல்லை, தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்காரும் பிசாசுக்குப் பழைய பெயர் என்று ஒரு மதியம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கதையை முடித்ததும், எங்கள் ஊரில் அதற்கு அமுக்குவான் என்று பெயர், என் பெரியப்பா மேல் வாரத்துக்கொரு தரம் ஏறும் என்றேன். கண்ணாடி கழன்றது, ஊதப்பட்டது. வடக்கே பனி நாட்டுப் பிசாசும் கூரத்துப் பிசாசும் ஒரே தொழில் செய்வது அவருக்குப் பரம சந்தோஷம். அன்றிலிருந்து வேர் கிடைத்தால் முதல் சேதி எனக்குத்தான்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். வாதி ஏகாம்பரம், பிரதிவாதி கச்சபேசன். இரண்டும் காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்களின் பெயர்கள். காதர் பாய் வாசலில் நின்று "ஏகாம்பரம்... கச்சபேசன்..." என்று இழுத்துக் கூப்பிடும்போது, வெளியே வேப்பமரத்தடியில் யாராவது ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. வாலிபத்தில் ஏகாம்பரம் வீட்டுத் தறியில் சேர்ந்து நெய்தவர்கள். கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் குழியில் உட்காருகிறவர் உடலை நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரைக்குக் குறுக்கிழை கொண்டுபோகும் நாடாவைத் தள்ள வேண்டும். ஏகாம்பரம் குழியில், கச்சபேசன் கரையில் என்று வருஷக்கணக்கில் நெய்திருக்கிறார்கள். பிறகு, வழக்குக்கு இருபது வருஷத்துக்கும் மேல் முன்பே, கச்சபேசன் பட்டு வியாபாரத்துக்குப் போய்ச் செழித்தார். ஏகாம்பரம் அதே குழியில் இருந்தார், கரைக்கு அவர் மனைவி வந்தார். அதுவரையில் ஒரு குறையுமில்லை. ஒரு நாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் கச்சபேசன், "ஏகாம்பரம் கரை இப்பல்லாம் வளைஞ்சிக்கினு போவுதுபா" என்று சொல்லித் தொலைத்தார். நெசவாளியைப் பார்த்து உன் வீட்டில் திருடன் இருக்கிறான் என்றுகூடச் சொல்லலாம், கரை வளைகிறது என்று சொல்லக் கூடாது. பேச்சு நின்றது. பேச்சு நின்ற வேகத்தில் கச்சபேசன் தம் கொல்லையில் மாடி வைத்துக் கிடங்கு கட்ட அஸ்திவாரம் தோண்டினார்.

அந்தக் கிடங்குச் சுவர் ஏகாம்பரம் வீட்டுத் தெற்குச் சன்னலை ஒட்டி எழும்ப இருந்தது. அந்தச் சன்னலுக்கு நேர் கீழேதான் தறிக்குழி. வீட்டில் மற்ற பக்கமெல்லாம் பகலிலேயே இருட்டு. சுவர் எழும்பினால் அரக்குக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது. குழியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்க வீட்டில் இடமும் இல்லை. பிராது கொடுக்க வந்த அன்று என் மேஜைக்கு முன்னால் நின்று ஏகாம்பரம் சொன்னார்: "செவுரு வந்துச்சின்னா நான் அவன் கிடங்குத் தறியிலதான் கூலிக்கு ஒக்காரணும்பா. அதுக்குத்தான் கட்றான்." சொல்லும்போது கோபம்கூட இல்லை, வெட்கம்தான் இருந்தது. எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

ஒருவர் இருபது வருஷம் ஒரு சன்னல் வழியாகக் காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் அனுபவித்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் அதை அடைக்க முடியாது என்பது சட்டம். ஏகாம்பரத்தின் வக்கீல் புதியவர். எல்லோரும் எழுதுவதைப் பார்த்து 'காற்றும் வெளிச்சமும்' என்றே பிராதில் எழுதிவிட்டார். கச்சபேசனுக்கு வந்தவர் வரதன் என்ற பழம்பெருச்சாளி. நெற்றியில் நாமம் அழியாமல் மாலை வரை எதிரியின் நெற்றி வியர்வையைப் பார்ப்பவர்.

குறுக்கு விசாரணையில் வரதன் தேனாகப் பேசினார். அந்தச் சன்னலில் காற்று நன்றாக வருமா என்று கேட்டார். 'வரும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. ஏகாம்பரத்தின் முகம் சிவந்துவிட்டது.

"காத்தா? என் பாவு மேல காத்து பட வுடுவேன்னு எவன் சொன்னான்? எங்கப்பா காலத்துலேந்து அந்த சன்னல்ல பொட்டுக் காத்து நொழைஞ்சதில்லீங்க எஜமான். கண்ணாடி போட்டு ஆப்பு அடிச்சி வெச்சிருக்குது."

"ஆடி மாசத்துலகூட?"

"ஆடியில தாங்க இன்னும் கெட்டியா அடிப்பேன்."

புது வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். விஷயம் என்னவென்றால், தறியில் நீட்டிக் கட்டியிருக்கும் பட்டு இழைகளான பாவின் மேல் வறண்ட காற்றுப் பட்டால் இழை முறுகிப் படபடவென்று அறுந்துபோகும். அதனால் பட்டு நெய்கிறவர் வெளிச்சத்தைக் கூப்பிடுவார், காற்றை அண்ட விடமாட்டார். ஏகாம்பரம் தம் தொழில் சுத்தத்தை நிலைநாட்டிவிட்டார். அவர் வழக்கு அங்கேயே குப்புற விழுந்தது. நான் படித்துக் காட்டும் முறை வந்தபோது அவருக்கு ஒரு வழி விடலாமென்று, 'ஒருபோதும் காற்று வந்ததில்லை' என்ற இடத்தில் நிறுத்தி, அவர் கண்ணைப் பார்த்து, மெதுவாக இரண்டு தரம் படித்தேன். அவர் யோசித்தார். "'எங்கப்பா காலத்துலேந்து'ன்னு சேத்துக்கினீங்களா?" என்று கேட்டார். சேர்த்திருக்கிறது என்றேன். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

கச்சபேசன் கூண்டில் ஏறி வேறு மாதிரிப் பாடினார். தாம் அங்கே நெய்த காலத்தில் அது செங்கல் வைத்து அடைத்த பொந்து, சன்னலே இல்லை. கண்ணாடி எல்லாம் இந்த வழக்குக்காகப் போட்டது. அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தாம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. சொல்லும்போது ஏகாம்பரத்தைப் பார்க்கவில்லை, என் மேஜை மேலிருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாதம் நடக்கும் அன்று வரதன் எழுந்தார். சட்டப் புத்தகம் ஒன்றையும் எடுக்கவில்லை. கை கூப்பாத குறையாக, விண்டோ என்ற சொல்லின் மூலம் என்ன என்று கனம் கோர்ட்டார் விளக்கினால் தம் வாதத்துக்குப் பெரிய உதவியாக இருக்கும் என்றார். இதுவரை எந்த வக்கீலும் எங்கள் முன்சீப்பிடம் இப்படிக் கேட்டதில்லை. கோயிலில் யாரோ தாமாகத் தேடி வந்து மாலை போட்ட மாதிரி பூரித்துவிட்டார் மனிதர். கண்ணாடி கழன்றது.

அன்று காலை வேறு வழக்கு ஓடவில்லை. கப்பலேறி வந்து இங்கிலாந்தைச் சூறையாடிய வடகடல்காரர்கள் விட்டுப்போன சொல் அது என்றார். அவர்கள் வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டை இருக்கும், காற்று வர, புகை போக. அதற்கு அவர்கள் வைத்த பெயர் காற்றின் கண். அதோடு விட்டாரா? காற்றின் வேரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். லத்தீன் வந்தது, அதற்கும் அடியில் நம் ஊரில் சொல்லும் வாயுவும் வாதமும் வந்தன. பிறகு கண்ணின் வேர். "அந்த விண்டோவுல கடைசியில நிக்கிற 'ஓ' இருக்கே, அதுவும் இங்கே காமாட்சியில இருக்கிற அட்சியும் ஒரே வேர்யா!" என்றார். பின்வரிசையில் யாரோ "தாயே" என்றார்கள். காதர் பாய்கூட ஒரு நிமிஷம் நேராக நின்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, கேலிக்காகச் சொல்லவில்லை. தினம் கும்பிடும் அம்மனின் கண், யாரோ ஒரு கடல் கொள்ளைக்காரனின் கூரை ஓட்டையில் இருந்திருக்கிறது.

வரதன் அவர் முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். பிறகு, "காற்றின் கண் என்று கனம் கோர்ட்டாரே தீர்மானித்துவிட்டீர்கள். நம் பழந்தமிழிலும் காலதர் என்பார்கள், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அதில் ஒருபோதும் காற்று வந்ததில்லை என்று வாதியே பிரமாணத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே அது சன்னலே இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வெளிச்சத்துக்கென்று தனியாக உரிமை உண்டு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், முன்சீப்புக்கும் தெரியும். ஆனால் அவர் கையாலேயே திறந்த அகராதி அவர் முன்னால் திறந்தே கிடந்தது. வேர் தப்பு என்று அவரால் சொல்ல முடியாது. அது பெற்ற தாயைப் பழிப்பது மாதிரி. மதியம் டிபன் டப்பா திறக்காமலேயே திரும்பிப் போனது. ஏகாம்பரம் மரத்தடியில் நின்றுகொண்டு என்ன ஆச்சு என்று ஜாடையில் கேட்டார். காற்றுக்குக் கண் இருக்கிறது, அதனால் உன் சன்னல் போகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? நாளைக்கு வா என்றேன்.

மறுநாள் முன்சீப் நேரில் பார்வையிடப் போவதாக உத்தரவு போட்டார். வழக்கமாக ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பி வரைபடம் வாங்கிக்கொள்வார்கள். இவர் தாமே கிளம்பினார். கோட்டுப் போட்ட முன்சீப், அவருக்குப் பின்னால் நான் காகிதக் கட்டோடு, எனக்குப் பின்னால் காதர் பாய் அகராதிப் பையோடு. தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள், ஜப்தி என்று நினைத்துப் பாவைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள்.

ஆடி மாதம். மேல்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் வீட்டுக்குள் போனால் அந்தச் சத்தமே இல்லை. தெற்குச் சுவரில் ஒற்றைச் சன்னல், மரச்சட்டத்தில் பழைய சாமிப் படத்தின் கண்ணாடி. அதன் வழியே விழுந்த வெளிச்சத்தில் அரக்கு நிறப் பாவு கயிற்றுக் கட்டில் மாதிரி விறைப்பாக நீண்டிருந்தது. முன்சீப் சொன்னபடி ஏகாம்பரம் குழியில் இறங்கி நெய்து காட்டினார், மனைவி கரைக்கு நாடா தள்ளினார். கச்சபேசன் கைகளைக் கட்டிக்கொண்டு வாசற்படியருகே நின்றார், உள்ளே வரவில்லை.

காற்று வருமா வராதா என்று பார்த்துவிடுவோம், சன்னலைத் திறக்கலாம் என்றார் முன்சீப்.

"வேணாங்க எஜமான்" என்றார் ஏகாம்பரம்.

கோர்ட்டின் உத்தரவு என்று வரதன் எடுத்துக் கொடுத்தார். காதர் பாய் பையை இறக்கி வைத்துவிட்டுச் சன்னலை இழுத்தார். அது அசையவில்லை. பலங்கொண்டு இன்னொரு இழுப்பு. ஆப்பு தெறித்துப் போய்த் தறிக்குழிக்குள் எங்கோ விழுந்தது. சன்னல் திறந்த அதே கணம் ஆடிக்காற்று மண்ணோடு உள்ளே வந்தது. பாவு முழுவதும் நடுங்கியது. ஒரு இழை அறுந்தது, அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. ஏகாம்பரத்துக்குக் கால்கள் குழியில், மடியில் துணி சுற்றிய மரம். எழுந்திருக்க முடியாமல் இரண்டு கைகளையும் பாவின் மேல் விரித்துக்கொண்டு கத்தினார்.

அப்போது என்னை யாரோ தள்ளினார்கள். கச்சபேசன்! வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, தறிக் கட்டையை ஒரே தாண்டாகத் தாண்டி, தோளால் சன்னலை அடைத்தார். குழியில் விழுந்த ஆப்பைத் தேடவில்லை. கை தானாக மேலே போய்க் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருட்டில் நுழைந்தது. வேறொரு ஆப்போடு வெளியே வந்தது. உள்ளங்கையால் மூன்று அடி. காற்று நின்றுவிட்டது. அப்படியே பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தினி எழை போச்சிடா?" என்று கேட்டுக்கொண்டே அறுந்த நுனிகளைப் பிடித்து முறுக்க ஆரம்பித்துவிட்டார். தாம் பிரதிவாதி என்பது அவருக்கு நினைவே இல்லை.

முன்சீப் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். "கச்சபேசன், அங்கே இன்னொரு ஆப்பு இருக்குறது உமக்கு எப்படித் தெரியும்?"

கச்சபேசனின் விரல்கள் நின்றன. வரதன் கூரையைப் பார்த்தார். அறுந்த இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏகாம்பரம்தான் பதில் சொன்னார்.

"அது அவன் வெச்ச எடந்தாங்க."

பார்வைக் குறிப்பை அங்கேயே நின்றபடி முன்சீப் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பிரதிவாதி தாமாகவே விரைந்து சென்று சன்னலை மூடினார்' என்ற வாக்கியத்தில் வரதன் குறுக்கிட்டார். அது சன்னல்தானா என்பதுதான் வழக்கே, அந்தச் சொல்லைக் குறிப்பில் எழுதக் கூடாது என்றார்.

"மிக நன்று" என்றார் முன்சீப். "அப்படின்னா உம்ம கட்சிக்காரர் எதை மூடினார்?"

தீர்ப்பு ஏகாம்பரம் பக்கம். கிடங்குச் சுவர் சன்னலை விட்டுத் தள்ளித்தான் எழும்ப வேண்டும். முன்சீப் அகராதியையும் கைவிடவில்லை. விண்டோ என்ற சொல்லில் காற்று பாதி, கண் பாதி. இந்த வீட்டில் காற்று வெளியே நிறுத்தப்பட்டது, ஆனால் கண் தன் வேலையைச் செய்துவந்திருக்கிறது என்று ஒரு பக்கம், வடகடல்காரர்கள் பற்றி இன்னொரு பக்கம் எழுதியிருந்தார். அடுத்த முறை ஆய்வுக்கு வந்த மேல் நீதிபதி அந்தப் பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு மையால், 'முடிவு சரி. கப்பல்கள் வேண்டாம்' என்று குறித்துவிட்டுப் போனார். எங்கள் முன்சீப்புக்கு அது ஆறவே இல்லை. தீர்ப்பையே ரத்து செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கச்சபேசன் அப்பீல் போகவில்லை. வரதன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அஸ்திவாரத்தைத் தள்ளித் தோண்டி, முணுமுணுத்துக்கொண்டே சுவரை எழுப்பினார். எழுப்பி, சன்னலைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் இரட்டைப் பூச்சு வெள்ளையடித்தார். வெயில் அதில் பட்டுத் திரும்பி ஏகாம்பரத்தின் தறியில் முன்னைவிட அதிகமாக விழுந்தது. யாராவது கேட்டால், சுண்ணாம்பு மிச்சமாகிவிட்டது என்பார். ஆனால் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

முன்சீப்புக்கு மாற்றல் வந்தபோது, ஊரை விட்டுப் போகும் முன் அந்தச் சன்னலை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் போனோம், பையும் வந்தது. ஏகாம்பரத்தின் மனைவி, மகளின் பிரசவத்துக்காகத் தென்னேரிக்குப் போயிருந்தார். கரைக்கு ஆள் இல்லாமல் ஏகாம்பரம் குழியில் சும்மா உட்கார்ந்து பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சன்னல் மூடியிருந்தது, வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. முன்சீப் மணையில் உட்கார்ந்து, அன்று கோர்ட்டில் என்ன நடந்தது என்பதை முதல்முறையாக அவருக்கு விளக்கினார். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் காற்றின் கண் என்றார்.

ஏகாம்பரம் பாவைத் துடைத்த துணியை மடியில் வைத்தார்.

"காத்துக்குக் கண்ணு இருந்துதுன்னா, நான் இங்க பாவு ஏத்தி ஒக்காந்துக்கினு இருக்கிறது அதுக்குத் தெரியாதாங்க எஜமான்? தெரிஞ்சா சுத்திக்கினு போயிருக்குமே. கண்ணு இல்லாததாலதாங்க நாங்க கண்ணாடி வெச்சோம்."

முன்சீப் கண்ணாடியைக் கழற்றி ஊதினார். காதர் பாய் பழக்கத்தில் பையின் முடிச்சை அவிழ்க்கப் போனார். முன்சீப் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

சன்னலுக்கு வெளியே, வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு உருவம் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கச்சபேசனின் குரல் வந்தது.

"கண்ணு இருக்கிறவன் நீயே கரைய வளைச்சிக்கினு போற. காத்தப் போயி குத்தம் சொல்றியே."

அடுத்த பிராது, அடுத்த பிரமாணம், அடுத்த முன்சீப் எல்லாம் என் கண் முன்னால் வந்துபோயின. ஏகாம்பரம் சன்னல் பக்கம் திரும்பவில்லை. கரை நாடாவை எடுத்து, மனைவி உட்காரும் பலகையின் மேல் வைத்தார்.

"அப்ப நீ வந்து போடேன்டா."

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. கச்சபேசன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்சீப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பலகையில் போய் உட்கார்ந்தார். நாங்கள் எழுந்து வெளியே வந்தோம். தெருமுனை வரை உள்ளே நாடா போய் வருகிற சத்தம் கேட்டது.